பேசுமுன் சான்றிதழ் காட்டவும்

அரசாங்கத்துக்கு ஒரு யோசனை சொல்கிறேன். இலவசம்தான்.

சிங்கப்பூரின் டோபி காட் எம்ஆர்டி நிலையத்தில், மூன்று தடங்கள் வந்து சேரும் அந்த நிலவறையில், புதிதாக முகப்பு ஒன்று திறக்க வேண்டும். நான்கு மொழியிலும் பலகை மாட்டட்டும்: சுற்றுச்சூழல் பேச்சாளர் பரிசுத்தச் சோதனைப் பிரிவு. பருவநிலை, காடு, கடல், பிளாஸ்டிக் பை என்று இந்தத் தீவில் வாய் திறக்க நினைக்கிற எவரும் முதலில் அங்கே வந்து வரிசை எண் எடுத்துக்கொள்ள வேண்டும். கையில் என்ன கைப்பேசி, காலில் என்ன காலணி, மதியம் சாப்பிட்டது கோழிச்சோறா கீரையா, வீட்டில் எத்தனை ஏர்கான், கடைசியாக விமானம் ஏறியது எப்போது, எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். தேறினவருக்குச் சான்றிதழ். தேறாதவர் வாயைப் பொத்திக்கொண்டு அடுத்த ரயிலைப் பிடிக்கலாம்.

இடத்தை யோசித்துத்தான் சொல்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே ஓர் ஓடை ஓடியது. இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் அதில் இறங்கி ஊரார் துணியைத் துவைத்து, பக்கத்துப் புல்வெளியில் காயப்போட்டார்கள். உலர்த்தி கிடையாது, மின்சாரக் கட்டணம் கிடையாது, வெயில் ஒன்றே போதும். இன்றைய கணக்கில் ஆளுக்கொரு பசுமை விருது கொடுத்திருக்க வேண்டும். ஓடை பிற்பாடு கான்கிரீட்டுக்குள் அடங்கி ஸ்டாம்ஃபர்ட் கால்வாய் ஆனது. 2010 ஜூனில் அதன் தொண்டையில் குப்பை அடைத்து, ஆர்ச்சர்ட் ரோட்டின் கடைத்தொகுதிகளுக்குள் வெள்ளம் புகுந்தபோதுதான், அப்படி ஒன்று காலுக்கடியில் ஓடுவதே பலருக்குத் தெரிந்தது. அன்று இந்த இடத்தில் துணியை வெளுத்தார்கள். இன்று சுற்றுவட்டாரக் கட்டடங்களில் உட்கார்ந்து பேரை வெளுக்கிறார்கள், பச்சைச் சாயம் போட்டு. சோதனைச் சாவடிக்கு இதைவிட ராசியான இடம் கிடைக்காது.

முகப்புக்கு ஆள் வருமா என்ற கவலையும் வேண்டாம். இப்போதே இந்தச் சோதனை ஊர் முழுக்கச் சம்பளமில்லாமல் நடந்துகொண்டுதான் இருக்கிறது. கோப்பிக்கடையில் உட்கார்ந்திருக்கும் அங்கிள் நடத்துகிறார். அலுவலகத் தேநீர் அறையில் நடத்துகிறார்கள். கல்யாண வீட்டில், பந்தியில், அத்தை மகன் நடத்துகிறார். பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி, உலகம் சூடாகிறது என்று இரண்டு வாக்கியம் சொல்லி முடிப்பதற்குள் கேள்வி வந்துவிடும். "ஏர்கான் போடாமலாம்மா தூங்குற?" "போன டிசம்பர்ல பாலிக்குப் போனியே, நீந்தியா போன?" சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். அவள் முகம் சிவக்கும். கேட்டவர் வெற்றியோடு இன்னொரு கோழிக்காலை எடுத்துக்கொள்வார். உலகம் சூடாகிறதா இல்லையா என்ற விஷயம் இலையோடு சேர்ந்து மடிக்கப்பட்டுக் குப்பைக்குப் போய்விடும்.

ஊருக்கு உபதேசம் செய்பவனைப் பிடித்து உலுக்குவதில் தமிழனுக்கு ஒரு தனிச் சுகம் உண்டு. வெல்லம் தின்னும் பிள்ளையைக் கண்டிக்கச் சொன்ன தாயை, முதலில் தன் வெல்லப் பழக்கத்தை விட்டுவிட்டு வருவதற்காகத் திருப்பி அனுப்பிய மகானின் கதையை நமக்குப் பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். மகான் ராமகிருஷ்ணரா காந்தியா என்பது சொல்பவரைப் பொறுத்து மாறும். கதை நல்ல கதைதான். ஆனால் வெல்லக் கடைக்காரர் அந்தக் கதையில் எங்கேயும் வருவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? பிள்ளையின் பல், தாயின் கவலை, மகானின் நாக்கு. மூட்டை மூட்டையாக விற்பவர் மட்டும் திரைக்குப் பின்னால் கல்லாப்பெட்டியை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

சரி, முகப்பைத் திறந்துவிடுவோம். முதல் எண்ணை அழைக்கிறார்கள்.

வருபவர்கள் இரண்டு இளையர்கள், கையில் அட்டை. 2020 மார்ச்சில் நடந்தது இது. ஒருவர் ஹார்பர்ஃப்ரண்டில் எக்ஸான்மொபில் அலுவலகம் இருக்கும் கட்டடத்துக்கு வெளியே அட்டை பிடித்து நின்றார். இன்னொருவர் தோ பாயோவில் நின்றார். இலாபத்தைவிட பூமி பெரிது என்கிற வகையில் சில சொற்கள். கூட்டம் இல்லை, கூச்சல் இல்லை. காவல்துறை விசாரணைக்கு அழைத்தது, ஏனென்றால் இங்கே பொது ஒழுங்குச் சட்டத்தின்படி தனி ஒருவர் அட்டையோடு நின்றாலும் அது அனுமதி வாங்க வேண்டிய கூட்டம்தான். அந்த இளையர்களுக்கு ஆதரவாகச் சமூக ஆர்வலர் ஜொலோவன் வாம் சிரிப்பு முகம் ஒன்றை அட்டையில் வரைந்து, தோ பாயோவில் நின்று படம் எடுத்துக்கொண்டார். அதே ஆண்டு நவம்பரில் அதற்காக அவர்மீது வழக்குப் பதிவானது. சிரிப்பு முகத்துக்கு.

அந்த அட்டை மறுசுழற்சி செய்யத்தக்கது. இருவரும் அங்கே பொதுப் போக்குவரத்தில் வந்திருப்பார்கள் என்று பந்தயம் கட்டுகிறேன். அதனால் என்ன? முகப்பில் உட்கார்ந்திருப்பவருக்கு அவர்களிடம் கேட்க வேறு கேள்விகள் இருக்கின்றன. "தம்பி, கைப்பேசியில இருக்கிற பிளாஸ்டிக் எதிலேர்ந்து வந்துச்சு? எண்ணெயிலேர்ந்துதானே? அப்ப எண்ணெய் கம்பெனியை எப்படித் திட்டலாம்?" தோல்வி. அடுத்தவர்.

அடுத்து வருபவர் ஸ்வீடன்காரி. கிரேட்டா துன்பர்க் 2019ல் விமானம் ஏற மாட்டேன் என்று சொல்லி, பாய்மரப் படகில் பதினைந்து நாள் அட்லாண்டிக்கில் குலுங்கிக்கொண்டு நியூயார்க் போய்ச் சேர்ந்தார். சொன்னபடி வாழ்ந்துவிட்டார், விட்டுவிடலாமே? விடவில்லை. படகைத் திருப்பி ஓட்டி வர மாலுமிகள் விமானத்தில் போவார்களே, அது கணக்கில் வராதா என்று கேட்டார்கள். அதற்குச் சில மாதங்களுக்கு முன் ரயிலில் அவர் சாப்பிடுகிற படத்தில் ரொட்டி பிளாஸ்டிக் உறைக்குள் இருந்ததைக் கண்டுபிடித்துக் கொண்டாடினார்கள். அந்தப் பெண் தண்ணீரின்மேல் நடந்தே போயிருந்தால், நீச்சல் தெரியாது போலிருக்கிறது என்று சொல்லியிருப்பார்கள்.

மூன்றாவதாக, நம்மூர்க்காரர். பச்சைத் தலைப்பாகை, பச்சைத் துண்டு, மேலே சட்டைகூட இல்லாத உடம்பு. நம்மாழ்வார். 1969ல் கோவில்பட்டியில் அரசாங்க வேளாண் ஆராய்ச்சி வேலையை உதறிவிட்டு வந்தவர், ரசாயன உரத்துக்கு எதிராகப் பல்லாண்டுகள் ஊர் ஊராய்ப் போனார். சொன்னதற்கும் வாழ்ந்ததற்கும் இடையில் நூலிழை நுழைய இடம் இல்லை. காவிரிப் படுகையில் மீத்தேன் எடுக்கும் திட்டத்துக்கு எதிராகப் பேசித் திரிந்துகொண்டிருந்த நாட்களில், 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டைப் பக்கம் அத்திவெட்டியில் காலமானார். முகப்பில் இவரைத் தோற்கடிக்க முடியாதே? முடியும். இவருக்கென்று இரண்டாவது பாரம் வைத்திருக்கிறார்கள். "ஐயா பெரிய மனுஷர். ஆனா இதெல்லாம் நடைமுறைக்கு ஒத்துவருமா? எல்லாரும் கோவணம் கட்டிக்கிட்டுப் போக முடியுமா?"

பாருங்கள் சாமர்த்தியத்தை. சொன்னபடி வாழாதவன் போலி, அவன் பேச்சைக் கேட்காதே. சொன்னபடி வாழ்பவன் சாமியார், அவன் பேச்சு உனக்குப் பொருந்தாது. முதலாமவனுக்கு ஏளனம், இரண்டாமவனுக்கு மாலை. இருவருக்கும் கதவு ஒன்றேதான், வெளியே போகிற கதவு. இந்தச் சோதனையில் தேறுவதற்கு வழியே இல்லாதபடிதான் கேள்வித்தாளே அச்சடித்திருக்கிறது.

இடிந்தகரைக்காரர்களைக் கேட்டால் இன்னும் நன்றாகச் சொல்வார்கள். கூடங்குளம் அணுமின் நிலையம் வேண்டாம் என்று 2011லிருந்து மீனவப் பெண்கள் பந்தலில் உட்கார்ந்தார்கள். தமிழ்நாடே நீண்ட மின்வெட்டில் வெந்துகொண்டிருந்த காலம். அப்போது அந்தப் பெண்களைப் பார்த்துக் கேட்கப்பட்ட கேள்வி: உங்களுக்கு மின்சாரம் வேண்டாமா? கேட்டவர்களின் அறையில் ஜெனரேட்டர் ஓடியது. பதில் சொல்ல வேண்டியவள் வீட்டில் ஒற்றை விளக்கு, அதுவும் அணைந்து கிடந்தது. ஒரு விளக்கை எரிக்கிற பாவத்துக்கு, அணு உலையைப் பற்றிப் பேசும் உரிமையை அவள் இழந்துவிட்டாளாம். பேசியவர்களில் ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோகப் பிரிவில் வழக்குப் போட்டார்கள்.

இந்தக் கேள்வித்தாளை முதலில் அச்சடித்தவர்கள் யார் என்று பார்த்தால் சிரிப்பும் வரும், கோபமும் வரும். 1971ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் புகழ்பெற்ற விளம்பரம் ஒன்று வந்தது. செவ்விந்தியர் ஒருவர் படகில் வருகிறார், கரையில் குப்பை, அவர் கண்ணில் ஒரு சொட்டுக் கண்ணீர். அசுத்தம் மக்களால் வருகிறது, மக்களே நிறுத்த முடியும் என்பது செய்தி. விளம்பரத்தை எடுத்த அமைப்பின் பின்னால் நின்றவர்கள் டின்னும் போத்தலும் செய்யும் நிறுவனங்கள், குளிர்பான நிறுவனங்கள். காலிப் போத்தலைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லும் சட்டங்கள் அவர்களுக்கு வேப்பங்காய். கண்ணீர் விட்ட செவ்விந்தியர் உண்மையில் இத்தாலிய வம்சாவளி நடிகர். அழுத கண்ணே இரவல். பிறகு 2000களில் பிபி என்ற எண்ணெய் நிறுவனம், உங்கள் கரிமத் தடம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு கருவியை இணையத்தில் வைத்து, பெரிய விளம்பரமும் செய்தது. பூமிக்கடியிலிருந்து எண்ணெயை உறிஞ்சி விற்பவன், உன் வீட்டு விளக்கை அணைத்தாயா என்று நம்மைக் கேட்கிறான். கோப்பிக்கடை அங்கிள் தன் சொந்தப் புத்தியில் கேட்பதாக நினைத்துக் கேட்கும் அந்தக் கேள்வியை, அவருக்குத் தெரியாமல் அவர் வாயில் ஊட்டி வைத்திருக்கிறார்கள்.

இனி வி.ஐ.பி. வரிசைக்கு வருவோம். முகப்புக்குப் பக்கத்தில் சிவப்புக் கம்பளம் விரித்த தனி வழி. இங்கே கேள்வி கிடையாது, கைகுலுக்கல்தான்.

இந்த வழியில் போகிறவர்களில் எனக்கு மிகவும் பிடித்தது செருப்புக் கதை. 2021ல் டவ் என்ற அமெரிக்க ரசாயனப் பெரு நிறுவனமும், நம் அரசாங்க விளையாட்டு அமைப்பான ஸ்போர்ட்எஸ்ஜியும் சேர்ந்து அழகான திட்டம் ஒன்றைத் தொடங்கின. பழைய விளையாட்டுக் காலணிகளைப் பெட்டியில் போடுங்கள், அரைத்துப் பிள்ளைகள் விளையாடும் திடலுக்கும் ஓடுதடத்துக்கும் தளம் போடுகிறோம் என்றார்கள். மக்கள் போட்டார்கள். பள்ளிப் பிள்ளைகள் போட்டார்கள். ராய்ட்டர்ஸ் நிருபர்களும் போட்டார்கள், பதினொரு ஜோடி. ஒவ்வொன்றின் அடியிலும் இருக்குமிடம் காட்டும் கருவியை ஒளித்துவைத்துப் போட்டார்கள். 2023 பிப்ரவரியில் முடிவை வெளியிட்டார்கள். பதினொன்றில் ஒன்றுகூட எந்தத் திடலுக்கும் போய்ச் சேரவில்லை. பத்து ஜோடி, பழைய சாமான் ஏற்றுமதி செய்யும் நிறுவனம் ஒன்றின் வழியாகக் கடல் தாண்டி இந்தோனேசியாவில் நடமாடிக்கொண்டிருந்தன. பழைய உடை, காலணி இறக்குமதிக்கு 2015லேயே தடை போட்ட நாடு அது. விஷயம் வெளியானதும் அந்த ஏற்றுமதி நிறுவனத்தைத் திட்டத்திலிருந்து நீக்கினார்கள். சுபம்.

இதைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். உபதேசம் செய்தது பெரிய இடம். அந்த உபதேசத்தின்படி வாழ்ந்தது சாதாரண சனம். செருப்பைத் துடைத்து, கயிற்றை முடிந்து, பெட்டி வரைக்கும் நடந்து போய்ப் போட்டது. இங்கே போலி யார்? இதை அம்பலப்படுத்தியவர்கள் விமானத்தில் பயணம் செய்யும் நிருபர்கள்தான். ஏர்கான் அறையில் உட்கார்ந்துதான் எழுதியிருப்பார்கள். அவர்களைப் பரிசுத்தச் சோதனையில் தோற்கடித்து வாயை அடைத்திருந்தால், அந்தப் பத்து ஜோடியும் இன்றைக்கும் நம் கற்பனைத் திடலில் குழந்தைகளோடு குதித்துக்கொண்டிருக்கும்.

அதே 2023ல் பிரிஸம் பிளஸ் என்ற நிறுவனத்தின் விளம்பரம் வந்தது. பூமியைக் காப்பாற்ற என்ன வழி? எங்கள் ஐந்து டிக் ஏர்கானை வாங்கிப் போடுங்கள். கேலி செய்கிறேன் என்று நினைக்காதீர்கள், விளம்பரத்தின் சாரமே அதுதான். விளம்பரத் தர ஆணையம் தலையிட்டு, இது விதிக்குப் புறம்பு என்று சொன்னது. ஏர்கான் போட்டுக்கொண்டு பூமியைப் பற்றிப் பேசினால் அந்தப் பத்தொன்பது வயதுப் பெண் போலி. ஏர்கானை விற்றுக்கொண்டு பூமியைப் பற்றிப் பேசினால் அது சந்தைப்படுத்தல்.

தெங்கா பக்கம் போயிருக்கிறீர்களா? ஏறத்தாழ 700 ஹெக்டர். ராணுவப் பயிற்சிக்கு வைத்திருந்த அந்த நிலத்தில் காடு தானாக வளர்ந்து அடர்ந்திருந்தது. அதில் பெரும்பகுதியை வெட்டிவிட்டு 42,000 வீடுகள் கட்டுகிறார்கள். வீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, என் பிள்ளைகளுக்கும் வீடு வேண்டும். ஆனால் புதிய நகருக்கு வைத்த பட்டப்பெயர் இருக்கிறதே, வன நகரம்! காட்டை வெட்டியவனே காட்டுக்குக் கல்வெட்டும் வைக்கிறான். 100 மீட்டர் அகலத்துக்கு மரவரிசையும் உண்டு, நினைவாக.

சோற்றில் மறைத்த பூசணிக்காய் எதுவென்று இன்னும் தெரியவில்லையா? ஐந்து காசுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகளில் பை ஒன்றுக்குக் குறைந்தது ஐந்து காசு. தவறே இல்லை, தேவையில்லாமல் பை வாங்கிக் குவிக்கும் பழக்கம் நமக்கு உண்டு, அதற்கு ஒரு கிள்ளு வேண்டும்தான். தேக்காவிலிருந்து புக்கிட் பாத்தோக் வரை பாட்டிமார் பழைய பைகளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போகப் பழகிவிட்டார்கள். அதே 2023ல், ஆண்டுக்கு 25,000 டன்னுக்கு மேல் கரிமம் வெளியேற்றும் பெரிய ஆலைகள் கட்டிய கரிம வரி, டன்னுக்கு ஐந்து வெள்ளி. ஒரு கிலோவுக்கு அரைக் காசு. அதாவது பாட்டி ஒரு பைக்குக் கொடுத்த அதே ஐந்து காசுக்கு, ஜூரோங் தீவின் ஆலை பத்து கிலோ கரிமத்தை வானத்தில் விட்டது. 2024ல் வரி 25 வெள்ளியானது, 2026ல் 45 என்றார்கள். நல்லது. ஆனால் உலகச் சந்தையில் போட்டி போடும் ஆலைகளின் சுமை தாங்க இடைக்காலச் சலுகையும் சேர்த்தே அறிவித்தார்கள். பாட்டியும் உலகச் சந்தையில் போட்டி போடுகிறார் என்று யாராவது சொல்லிப் பார்த்திருக்கலாம். சலுகையில் ஒரு பை கிடைத்திருக்கும்.

இன்னொன்று. உலக வெளியேற்றத்தில் சிங்கப்பூரின் பங்கு 0.1 விழுக்காடுதான் என்ற வாக்கியம் மேடைதோறும் ஒலிக்கும். உண்மைதான். ஆனால் உலகத்திலேயே கப்பல்களுக்கு அதிகமாக எரிபொருள் நிரப்பும் துறைமுகம் இது. 2024ல் மட்டும் 5 கோடியே 40 லட்சம் டன்னுக்கு மேல் விற்றோம். அதை எரித்தால் வரும் புகை நாட்டின் மொத்த வெளியேற்றத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் போகும். அனைத்துலகக் கணக்கு விதிப்படி அது நம் ஏட்டில் வராது. நடுக்கடலின் ஏட்டில் வரும், அதாவது யாருடைய ஏட்டிலும் வராது. "நான் ஒருத்தன் ஒரு கோப்பைத் தேநீரைப் பிளாஸ்டிக்கில் தப்பாவ் செய்தால் உலகமா அழிந்துவிடும்?" என்று ஒரு குடிமகன் கேட்டால், அது பொறுப்பற்ற பேச்சு, சுவரொட்டி அடித்துத் திருத்துவார்கள். அதே பேச்சை நாடு பேசினால், அது சின்ன நாட்டின் சூழ்நிலை. மாமியார் உடைத்தால் மண்சட்டி.

நம் பக்கத்துப் போலிகளை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். இருக்கிறார்கள், கொழுத்துப்போய் இருக்கிறார்கள். 2016ல் நடிகர் லியோனார்டோ டிகாப்ரியோ கான் திரைப்பட விழாவிலிருந்து தனி ஜெட்டில் நியூயார்க் பறந்து, சுற்றுச்சூழல் விருதை வாங்கிக்கொண்டு, மறுபடி கானுக்கே பறந்தார் என்று செய்தி வந்தது. 2022ல் கோவை ஈஷாவின் ஜக்கி வாசுதேவ், மண் காக்க என்று லண்டனில் மோட்டார் சைக்கிள் ஏறி, 100 நாளில் 30,000 கிலோமீட்டர் ஓட்டினார். மண்ணுக்காக இத்தனை பெட்ரோலை எரித்தவர் வரலாற்றில் அபூர்வம். ஆனால் வேடிக்கை எது தெரியுமா? நம் கோப்பிக்கடை அங்கிள் அவரைப் பார்த்து, "சாமி, நடந்து போயிருக்கலாமே" என்று கேட்கவில்லை. படத்தைப் பகிர்ந்து கும்பிடு போட்டார். கேள்வி மேலே ஏறாது. அதற்கு முழங்கால் வலி. கீழே மட்டும் உருண்டு வரும்.

விடுதிகளின் பெரிய கூடத்தில் நடக்கும் பசுமை மாநாடுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளியே 33 டிகிரி, உள்ளே சால்வை போர்த்திக்கொண்டு உட்காரும் குளிர், கழுத்தில் அட்டை, பரிசுப் பையில் மூங்கில் உறிஞ்சுகுழலும் இன்னொரு துணிப்பையும். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் துணிப்பைகளை வைத்துக் கூடாரமே அடிக்கலாம். இப்படிப்பட்டவரைச் சொன்னபடி வாழ்கிறாயா என்று கேட்டுத் துளைக்கத்தான் வேண்டும். உபதேசம் யாருக்குச் சம்பளமோ, யாருக்குப் பதவியோ, யாருக்குச் சந்தையோ, அவர் தன் வீட்டுக் கணக்கை மட்டுமில்லை, கையெழுத்துப் போட்ட கோப்புகளின் கணக்கையும் கொண்டுவந்து வைக்க வேண்டும். கையில் அதிகாரம் எத்தனை கிலோவோ அத்தனை கேள்வி. அட்டையைத் தவிர வேறு எதுவும் கையில் இல்லாதவரிடம் போய்க் கரிமத் தராசை நீட்டுவது கேவலம். அதுவும் அவரே விரும்பித் தேர்ந்தெடுக்காத ஊரமைப்பில். பகலெல்லாம் சூட்டைக் குடித்து இரவெல்லாம் உமிழும் கான்கிரீட் அடுக்கில் வீட்டைக் கொடுத்து, ஜன்னலுக்கு எதிரே அடுத்த அடுக்கை எழுப்பிவிட்டு, பிறகு ஏர்கான் போடாமல் தூங்கிக் காட்டு என்றால் எப்படி? ஏர்கானை மிக முக்கியமான கண்டுபிடிப்பு என்று இந்த நாட்டை உருவாக்கிய லீ குவான் இயூவே சொன்னார்.

சரி. மாலையாகிறது, முகப்பை மூடும் நேரம். இதுவரை ஒருவரும் தேறவில்லை. இன்னொரு எண்ணோடு ஒருவர் வருகிறார். ஞாயிற்றுக்கிழமை, லிட்டில் இந்தியாவுக்குப் போகிற வழியில் தடம் மாற இங்கே இறங்கியவர். அடுத்த நிலையம்தான் அது.

"பேரு வேண்டாம் தம்பி. கார் இருக்கா?"

"இல்ல சார். லாரிதான். பின்னாடி பத்துப் பன்னெண்டு பேரு ஒண்ணா போவோம்."

பொதுப் போக்குவரத்துக்கும் மேல். கூட்டுப் பயணம். முழு மதிப்பெண்.

"வீடு?"

"துவாஸ்ல டோர்மிட்டரி சார். ரூமுக்குப் பன்னெண்டு பேரு. ஃபேன்."

சதுர அடிக் கணக்கில் இந்தத் தீவிலேயே ஆகச் சிக்கனமான வாழ்க்கை. முகப்பில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருகிறார்.

"சாப்பாடு?"

"கேட்டரிங். விடியறதுக்கு முன்னாடி கட்டிக் குடுத்துருவாங்க. மத்தியானம் திறந்தா புளிச்சுப் போயிருக்கும் சில நாளு. சாப்டுருவோம்."

உணவு விரயம், பூஜ்யம்.

"சட்டை?"

அவர் குனிந்து பார்த்துக்கொள்கிறார். யாரோ ஓடிய மாரத்தானின் பேர் போட்ட பழைய பனியன். மறுபயன்பாடு.

"விமானம்?"

"ஒரே வாட்டி சார், வந்தப்ப. ஏஜண்டு கடன் முடியட்டும், போகணும்."

முகப்பே எழுந்து நிற்கிறது. சீல் குத்துகிறார்கள். தங்க எழுத்துச் சான்றிதழ், முதல் எண். "தம்பி, இந்தத் தீவுல பருவநிலை பத்திப் பேச முழுத் தகுதி உள்ள ஒரே ஆள் நீங்கதான். சொல்லுங்க, என்ன சொல்லப் போறீங்க?"

"வெயில் தாங்கல சார். முன்ன இப்படி இல்லன்னு பழைய ஆளுங்க சொல்றாங்க. வெப்ப மீட்டர்ல 32ஐத் தொட்டா, பாரமான வேலைக்கு மணிக்கு பத்து நிமிஷம் ரெஸ்டுன்னு 2023ல விதி வந்துச்சு. மீட்டர் யாரு கையில இருக்கு, எங்களுக்குத் தெரியாது. அதைத்தான் நாலு பேருகிட்டச் சொல்லணும்."

"அருமை. ஹோங் லிம் பூங்காவுல பேச்சாளர் முனை இருக்கு. 2019 செப்டம்பர்ல பருவநிலைப் பேரணிக்கு அங்கதான் கிட்டத்தட்ட ரெண்டாயிரம் பேரு கூடினாங்க. அங்க போய்ச் சொல்லுங்க. அனுமதி எண் எழுதித் தரேன். அடையாள அட்டையைக் குடுங்க."

அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டுகிறார். முகப்பில் இருப்பவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

"இது ஒர்க் பெர்மிட்டுல்ல?"

"ஆமா சார்."

"அந்தப் பூங்காவுல கூடறது சிங்கப்பூரருக்கும் நிரந்தரவாசிக்கும் மட்டும்தான் தம்பி. வெளிநாட்டவர் பேசவும் கூடாது, கூட்டத்துல நிக்கவும் கூடாது. சான்றிதழை நீங்களே வெச்சுக்குங்க. அடுத்த எண்!"